புல்லட்டுக்கு ஏற்ற இருக்கை எது?

புல்லட் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே ஓசையை வைத்து, "மாமா வந்துவிட்டார்" என்று சொல்லிவிடக் கூடியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வண்டி நின்ற பிறகு மாமா எப்படி இறங்குகிறார் என்று கவனித்ததுண்டா? சிலர் இறங்கியதும் இடுப்பில் கை வைத்து மெல்ல நிமிர்வார்கள். காலை இரண்டு மூன்று முறை உதறுவார்கள். தினமும் நாற்பது கிலோமீட்டர் போய் வருகிறவருக்கு இது சிறிய தொல்லை அன்று.

சரி, சீட்டை மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போகிறார். அங்கே அவர் செய்யும் முதல் காரியம், கட்டை விரலால் சீட்டை அழுத்திப் பார்ப்பதுதான். 'மெத்தை போல் இருக்கிறது' என்ற திருப்தியோடு வாங்கி மாட்டிக்கொள்கிறார். ஒரு மாதத்தில் பழைய வலி திரும்ப வந்துவிடுகிறது. கட்டை விரல் ஏன் ஏமாற்றியது? உங்கள் ஒன்பதாம் வகுப்பு இயற்பியலே இதற்கு விடை சொல்லும்.

முதலில் ஒரு சிறு சோதனை. மர பெஞ்சில் உங்கள் இரு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி வைத்து, அவற்றின்மேல் உட்காருங்கள். கைகளை இரண்டு கெட்டியான முண்டுகள் அழுத்துவது தெரிகிறதல்லவா? அவை இடுப்பெலும்பின் அடிமுனைகள். நாம் உட்காரும்போது உடலின் பாரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு முனைகள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். 70 கிலோகிராம் உள்ள ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். கால்களும் கைகளும் ஏற்கும் பாரம் போக, சீட்டின்மேல் 500 நியூட்டன் விசை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சீட் கட்டையாக இருந்து, 100 சதுர செ.மீ. பரப்பு மட்டுமே அதைத் தாங்கினால் அழுத்தம் 50,000 பாஸ்கல். பாதரச அளவில் சொன்னால் சுமார் 375 மி.மீ. அதே பாரம் 1000 சதுர செ.மீ. பரப்பில் சீராகப் பரவினால் 5000 பாஸ்கல். ஏறத்தாழ 38 மி.மீ.

பாதரச அளவில் ஏன் சொன்னேன் தெரியுமா? மருத்துவர் உங்கள் தாத்தாவுக்கு இரத்த அழுத்தம் பார்த்து 120 என்று சொல்வது இதே அளவில்தான். பெரிய தமனியில் 120 வரை ஏறும் அழுத்தம், தசைக்குள் இருக்கும் மயிரிழை போன்ற நுண்குழாய்களுக்கு வருவதற்குள் 30 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக அழுத்தினால் நுண்குழாய் நசுங்குகிறது. அந்த இடத்துக்கு இரத்தம் போவது குறைகிறது. மரத்துப்போவதும் வலிப்பதும் உடல் கொடுக்கும் எச்சரிக்கை. மேலே கண்ட இரண்டாவது கணக்கைத் திரும்பப் பாருங்கள். பாரத்தை மிக நன்றாகப் பரப்பிய சீட்டில்கூட 38 மி.மீ. இருக்கிறது! ஆகவே 'நாள் முழுதும் உட்காரலாம், வலிக்கவே வலிக்காது' என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். மணிக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடப்பதற்கு ஈடான சீட் இன்னும் செய்யப்படவில்லை.

ஆனாலும் 375-க்கும் 38-க்கும் இடையே எவ்வளவு தூரம்! நல்ல சீட்டுக்கும் மட்டமான சீட்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பாரத்தைப் பரப்பும் வேலையைச் செய்வது ஃபோம் என்று கடைகளில் சொல்லப்படும் நுரைப்பஞ்சு. முற்காலத்தில் குதிரைமயிரையும், பிறகு ரப்பர் பால் ஏற்றிய தென்னை நாரையும் திணித்தார்கள். இப்போது பெரும்பாலும் பாலியூரிதேன். ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1937-ல் கண்டறிந்த பொருள் இது.

நுரைப்பஞ்சு துண்டு ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஆயிரக்கணக்கான சிறு கூடுகள் தெரியும். மெல்ல அழுத்தும்போது கூடுகளின் சுவர்கள் சற்றே வளைகின்றன. இன்னும் அழுத்தினால் அவை மடிந்து போகின்றன. அப்போது விசையைச் சிறிது கூட்டினாலே பஞ்சு நிறைய அமிழும். அதற்கும் மேலே போனால், மடிந்த சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு கட்டைபோல் ஆகிவிடும். கட்டை விரல் அறிவது முதல் கட்டத்தை மட்டுமே. மாமாவின் 500 நியூட்டன், மட்டமான பஞ்சை நேராக மூன்றாம் கட்டத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. பிறகு அவர் உட்கார்ந்திருப்பது பஞ்சின்மேல் அன்று, அதற்குக் கீழே இருக்கும் தகரத் தட்டின்மேல் என்றே சொல்லலாம். கடையில் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றிய சீட், நூறு கிலோமீட்டர் போனபின் சுகமாக இருப்பதன் காரணம் இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கடைகளில் 'அடர்த்தி அதிகம், அதனால் கெட்டி' என்பார்கள். அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. ஒரே அடர்த்தியில் மென்மையான பஞ்சும் செய்யலாம், கெட்டியான பஞ்சும் செய்யலாம். அடர்த்தி பொதுவாக நமக்குச் சொல்வது, பஞ்சு எத்தனை நாள் உழைக்கும் என்பதை. கூட்டுச் சுவர்களில் பொருள் குறைவாக இருந்தால் ஆயிரம் முறை மடிந்ததும் அவை தளர்ந்துவிடும்.

ஜெல் வைத்த சீட்டும், விரலை எடுத்த பின் மெதுவாக எழும்பும் பஞ்சும் இப்போது கிடைக்கின்றன. பின்னது 1966-ல் அமெரிக்காவின் நாசா ஆய்வுக்கூடம் ஒன்றின் பணியில் பிறந்தது. உடற்சூட்டில் இளகி உடலின் வடிவத்தை ஏற்கும். ஆனால் மெதுவாகவே எழும்புவதால், அடுத்தடுத்துக் குழிகள் வரும் சாலையில் அதற்கு எழும்ப நேரம் போதாது. ஜெல் அமுங்கிச் சிறிதாவதில்லை, இடம் மாறி வடிவந்தான் மாறுகிறது. கனம் அதிகம், வெயிலில் நின்றால் சூடும் அதிகம். இவற்றை நல்ல பஞ்சின்மேல் மெல்லிய ஒரு படலமாக வைப்பதே போதும் என்பது என் கருத்து.

இனி ஸ்பிரிங் வைத்த பழைய பாணி சீட். பழைய வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு நேராகப் பிணைக்கப்பட்டிருந்தது. சாலையின் குலுக்கல் முழுவதையும் சீட்டின் அடியிலிருந்த சுருள்விற்களே வாங்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1932 முதல் புல்லட் என்ற பெயரில் வந்த ராயல் என்ஃபீல்டு வண்டிக்கு, 1949-ல் பின்பக்கம் அசையும் கையும் ஷாக் அப்சார்பரும் வந்தன. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டுத் திருவொற்றியூரில் தயாரானது இந்த வகையே. அதன்பின் சீட்டுக்குச் சுருள்வில் கட்டாயமில்லாமல் போயிற்று. ஆனாலும் அழகுக்காக அதை விரும்புவோர் உண்டு. 2009-ல் வந்த கிளாசிக் மாடலில் அது மீண்டும் இடம்பெற்றது.

அழகு இருக்கட்டும், பயன் உண்டா? இதற்கு ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. ஆள் உட்கார்ந்ததும் சுருள்வில் எத்தனை செ.மீ. அமிழ்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுங்கள். கிடைப்பது அதன் இயல்பு அதிர்வெண். அதாவது ஒரு நொடிக்கு எத்தனை முறை அது தானாக ஆடும் என்பது. 1 செ.மீ. அமிழ்ந்தால் நொடிக்கு 5 முறை. 4 செ.மீ. அமிழ்ந்தால் இரண்டரை முறை. நுரைப்பஞ்சுக்கும் இது தோராயமாகப் பொருந்தும்.

சாலையிலிருந்து வரும் குலுக்கல் இந்த இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல! இயல்பு அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்கைத் தாண்டிய அதிர்வுகளைத்தான் சீட் குறைத்துக் கொடுக்கும். நம் உடலோ, மேலும் கீழுமான குலுக்கலில் நொடிக்கு 4 முதல் 8 வரை உள்ளவற்றால்தான் அதிகம் துன்பப்படுகிறது. வயிறும் முதுகும் அந்த வேகத்தில் தாமும் சேர்ந்து ஆடுகின்றன. 1 செ.மீ. மட்டும் அமிழும் விறைப்பான சீட் சரியாக அந்த 5-ல் போய் நிற்கிறது. துன்பத்தைக் குறைப்பதற்குப் பதில் பெருக்கிக் கொடுக்கிறது! சுருள்வில்லும் பஞ்சும் சேர்ந்து 3, 4 செ.மீ. அமிழ்ந்தால் நன்மை உண்டு. பெயருக்கு வைத்த விறைப்பான வில்லால் பயனில்லை. மிகத் தளர்ந்த வில்லோ, ஒரு குழியில் இறங்கியதும் ஆளைப் பந்துபோல் தூக்கிப் போடும். ஏனெனில் வெறும் சுருள்வில்லுக்கு ஆட்டத்தைத் தணிக்கும் குணம் குறைவு.

எஞ்சின் நடுக்கத்துக்காகச் சீட் மாற்றுவோரும் உண்டு. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50. இதை ஓரளவு நல்ல எந்தச் சீட்டுமே வடிகட்டிவிடும். கை மரத்துப்போவது கைப்பிடி வழியாக வரும் நடுக்கத்தால். அதற்குச் சீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

உயரத்தையும் மறக்கக் கூடாது. கனமான பஞ்சு வைத்துச் சீட் 3 செ.மீ. உயர்ந்தால், குள்ளமானவருக்குக் குதிகால் தரையில் படாமல் போகலாம். 2021-ன் கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோகிராம். அதன் ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 10 டிகிரி சாய்ந்த வண்டியை ஒரு மீட்டர் உயரத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தாங்க 17 கிலோ தூக்கும் பலம் வேண்டும். 20 டிகிரி சாய்ந்தால் 33 கிலோ! நுனிக்காலில் நிற்பவரால் அது ஆகுமா? ஆகையால் உயரத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டுவதே மேல். பின்பகுதி அகன்றும், தொடை படும் முன்பகுதி குறுகியும், தளம் ஏறத்தாழ மட்டமாகவும் இருக்க வேண்டும். முன்பக்கம் சரிந்த சீட்டில் ஆள் பெட்ரோல் டாங்கியை நோக்கி வழுக்கிக்கொண்டே போவார். கைகள் ஓயாமல் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

ரெக்சின் உறையைப் பற்றி ஒரு வார்த்தை. மத்தளத் தோல்போல் இழுத்துத் தைத்தால், அடியில் எவ்வளவு நல்ல பஞ்சு இருந்தும் அது அமிழாது. சிறிது விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் கறுப்பு ரெக்சின் படும் சூடு உங்களுக்குத் தெரியும். அதன்மேல் துண்டு விரித்துக்கொள்கிறார்களே, வியர்வையை உறிஞ்ச அது நல்ல ஏற்பாடுதான்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. சீட் தைக்கும் கடையில் வெட்டிப் போட்ட பஞ்சுத் துண்டுகளை இரண்டு மூன்று இடங்களிலிருந்து கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வகையையும் அடுக்கி, 10 செ.மீ. கனசதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். இதன் கன அளவு ஒரு லிட்டர். ஆகவே அது 50 கிராம் இருந்தால் அடர்த்தி கன மீட்டருக்கு 50 கிலோகிராம். 20 கிராம்கூடத் தேறாவிட்டால் அது சீட்டுக்கு ஆகாது. கனசதுரத்தின்மேல் ஓர் அட்டையை வைத்து 5 கிலோ எடையை ஏற்றுங்கள். 100 சதுர செ.மீ.யில் 5 கிலோ என்பது, நாம் மேலே கண்ட 5000 பாஸ்கலே! எவ்வளவு அமிழ்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். பிறகு குழியில் விழுவதாக எண்ணி 10 கிலோ ஏற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கு அமிழ்ந்து நின்று, 10 கிலோவிலும் இன்னும் சிறிது அமிழ இடம் வைத்திருக்கும் பஞ்சே நமக்கு வேண்டியது.

கடைசியாக, 5 கிலோவை இரவு முழுதும் அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் எடையை எடுத்து, அரை மணி கழித்து உயரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். எந்தத் துண்டு முழு 10 செ.மீ.க்குத் திரும்பியது, எது குன்றியே நின்றது, ஒவ்வொன்றும் எந்தக் கடையில் வாங்கியது என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். மாமா சீட் மாற்றப் போகும் அன்று அந்த நோட்டைக் கேட்பார்.