பழைய ஸ்பார்க் ஸ்டேஷனுக்குப் புது வலிமை

1995-ஆம் ஆண்டு வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’, முழுக்க முழுக்கக் கணிப்பொறியில் உருவான முதல் முழுநீளத் திரைப்படம் ஆகும். அதன் காட்சிகளைக் கணக்கிட்டு உருவாக்கியவை 117 ‘ஸ்பார்க் ஸ்டேஷன் 20’ கணிப்பொறிகள். அமெரிக்காவின் சன் நிறுவனம் 1994-இல் வெளியிட்ட இந்தப் பொறி, யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த சோலாரிஸ் இயக்கமுறையில் இயங்கியது. உயரம் மூன்றே அங்குலம். பழம்பொறி ஆர்வலர்கள் இதை இன்றும் பாதுகாத்து, திறனைக் கூட்டி இயக்குகிறார்கள்.

அப்படி ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால் எதை முதலில் கூட்டுவீர்கள்? செயலியை என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் நினைவகத்தை என்பேன். காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

யூனிக்ஸ் ஒரே சமயத்தில் பல நிரல்களை இயக்கும். நினைவகத்தில் இடம் போதாவிட்டால், அப்போதைக்கு வேண்டாத பகுதிகளை வட்டில் எழுதிவைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கிறது. வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லி விநாடி ஆகும். நினைவகச் சில்லுக்கோ ஏறத்தாழ 60 நானோ விநாடி போதும். வகுத்துப் பாருங்கள்: 70,000 மடங்கு வேறுபாடு! செயலி எவ்வளவு வேகமாக இருந்தும் என்ன பயன்? வட்டுக்காகக் காத்துக் கிடக்கத்தானே வேண்டும்?

இந்தப் பொறியில் நினைவகத்துக்கு எட்டுப் பொருத்துவாய்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 64 மெகாபைட் வீதம் 512 மெகாபைட் வரை போடலாம். 200 முனைகள் கொண்ட தனி வகை அட்டைதான் வேண்டும். சாதாரணக் கணிப்பொறியின் அட்டை பொருந்தாது.

அடுத்தது செயலி. இரண்டு பொருத்துவாய்களில் இரட்டைச் செயலி அட்டைகளைச் செருகினால் மொத்தம் நான்கு. வேகமும் நான்கு மடங்காகுமா? வேலையைப் பொறுத்தது. திரைப்படத்தின் ஒவ்வொரு படச்சட்டமும் தனிக் கணக்கு, பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒன்றன் விடை கிடைத்த பிறகே அடுத்ததைத் தொடங்கும் கணக்கென்றால் மூன்று செயலிகள் சும்மா இருக்கும். ஆனால் வெப்பம் மட்டும் குறையாமல் கூடும். அந்த ஒல்லிப் பெட்டிக்குள் நான்கு செயலிகளையும் வேகமாகச் சுழலும் இரண்டு வட்டுகளையும் அடைத்தால் காற்றோட்டம் போதாமல் திணறும்.

இவற்றுக்கெல்லாம் பணம் செலவழிக்கும் முன், ஒரு சிறு சில்லைக் கவனியுங்கள். நேரத்தையும், வலையமைப்பில் அந்தப் பொறிக்குரிய முகவரி எண்ணையும் காத்துவைப்பது அதுதான். அதன் தலைப்பகுதிக்குள்ளேயே ஒரு லித்தியம் மின்கலம் புதைந்திருக்கிறது. மின்கலம் தீர்ந்தால் பொறி தன் முகவரியையே மறந்துவிடும்! சில்லை மாற்றுவோரும் உண்டு. மேல்மூடியை அறுத்து, வெளியிலிருந்து 3 வோல்ட் நாணய மின்கலத்தை இணைப்போரும் உண்டு. எதுவானாலும், மின்கலம் உயிரோடு இருக்கும்போதே, பொறி தொடங்கும் வேளையில் திரையில் தோன்றும் முகவரியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அது 08, 00, 20 என்று தொடங்கும்; இவை சன் நிறுவனத்துக்கென ஒதுக்கப்பட்டவை. மீதியுள்ள மூன்று இணைகள்தாம் அந்தப் பொறிக்கே உரியவை.