விரலைக் கேட்டு நீர் ஊற்றுவோம்

மூதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் வயலுக்கு எப்போது தண்ணீர் கட்ட வேண்டும் என்று கேட்டால் அவர் தயங்கமாட்டார். பயிரின் நிறத்தைப் பார்ப்பார், வரம்பில் நின்று மண்ணை மிதித்துப் பார்ப்பார், பதில் சொல்லிவிடுவார். அதே விவசாயியின் கையில் ஒரு பால்மாப் பேணியையும் அதில் நட்ட மிளகாய்க் கன்றையும் கொடுத்துப் பாருங்கள். அநேகமாக இரண்டு மூன்று கிழமைகளில் கன்று செத்துப்போகும். தண்ணீர் இல்லாமல் அல்ல, தண்ணீர் கூடிப்போய்ச் சாகும்.

இதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். எமது பணிமனைத் திண்ணையில் வைத்த செடிகளுக்கும் இதுதான் நடந்தது. காலையில் ஒருவர் ஊற்றினார், மாலையில் மற்றவர் ஊற்றினார், இடையில் வந்துபோனவர்களும் இரக்கப்பட்டு ஊற்றினார்கள். ஒரு மாதத்தில் கத்தரியும் தக்காளியும் வேர் அழுகிச் சரிந்தன. செடி வளர்க்கச் சொல்லிக்கொடுக்கப் போன நாமே முதலில் பாடம் படிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

சாடிக்கு வந்த கதை

2006 ஆம் ஆண்டு யுத்தத்தில் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா முதலிய ஊர்களின் மக்கள் வயலையும் வளவையும் விட்டு வெளியேறினார்கள். பலர் மட்டக்களப்பு மாவட்டம் வரை சென்று, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். சம்பூர்க் காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் விடுவிக்கப்படும்வரை ஏறத்தாழப் பத்து வருடங்கள் அவர்கள் காத்திருந்தார்கள். அதற்கு முன்னர் 1990 இல் இடம்பெயர்ந்தவர்களுள் பலரும் அலஸ்தோட்டம் போன்ற நலன்புரி நிலையங்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்கள்தான்.

முகாமில் ஒரு குடும்பத்துக்கு ஒரு கொட்டில். வாசலுக்கு முன்னால் பாதை, பாதைக்கு அப்பால் அடுத்த கொட்டில். வெளியே ஒரு கன்றை வைத்தால் பொழுது விடியுமுன் ஆடு தின்றுவிடும். எனவே செடிகள் உள்ளே வந்தன. உரப்பையிலும், உடைந்த வாளியிலும், பேணியிலும் மிளகாயும் கற்பூரவள்ளியும் கறிவேப்பிலைக் கன்றும் தாவாரத்தின் கீழும் யன்னலோரத்திலும் நின்றன. இன்றும் உறவினர் வீட்டின் ஒரு அறையிலோ, பட்டினத்து வாடகை வீட்டிலோ வாழும் விவசாயக் குடும்பங்களின் நிலை இதுவே.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவைக்க விரும்புகிறோம். சாடி காணிக்கு ஈடாகாது. பத்துச் சாடி இருக்கிறதே, இனிக் காணி எதற்கு என்று எவராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆனால் காணி வரும்வரை கையும் கண்ணும் வேலையை மறக்காமல் இருக்க வேண்டும். விதை அழியாமல் இருக்க வேண்டும். கறிக்கு நாலு மிளகாயாவது கடையில் வாங்காமல் இருக்க வேண்டும். அதற்குச் சாடி உதவும்.

வயலும் சாடியும் ஒன்றல்ல

வயலில் தண்ணீர் கூடினால் கீழே இறங்கும், அல்லது வாய்க்காலால் வடியும். குறைந்தால் வேர் ஆழத்துக்குப் போய்த் தேடும். சாடியில் இவை இரண்டும் இல்லை. வேருக்கு ஓடித் தேட இடமில்லை, கூடின தண்ணீர் போகவும் வழி குறைவு. அந்தச் செடிக்கு நீங்களே மழை, நீங்களே வாய்க்கால், நீங்களே வட்டவிதானையும்.

வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண்ணின் சிறு இடைவெளிகளில் உள்ள காற்றைத்தான் வேர் சுவாசிக்கிறது. எந்நேரமும் ஊற்றிக்கொண்டிருந்தால் அந்த இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பி வேர் மூச்சுத் திணறும். பின்னர் பூஞ்சணம் பிடித்து அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. ஆகவே மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம். கதை அத்துடன் முடிந்துவிடும்.

வீட்டுக்குள் நிற்கும் செடிக்கு வெயிலும் காற்றும் குறைவு. எனவே அது குடிப்பதும் குறைவு. முற்றத்தில் நிற்கும் மிளகாய்க்கு ஊற்றும் அளவை உள்ளே நிற்கும் மிளகாய்க்கு ஊற்றக்கூடாது. எமது மாவட்டத்தில் காலமும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரி. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று சூடாக அடிக்கும். கச்சான் காலத்தில் திண்ணையில் நிற்கும் சிறு பேணி ஒரே நாளில் காய்ந்துவிடும். மாரியில் அதே பேணிக்கு நாலைந்து நாளுக்குக்கூடத் தண்ணீர் வேண்டியிருக்காது. ஆகவே நாளைக் கணக்கிட்டு ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

ஊற்றுமுன் கேட்க வேண்டியவை

முதலில் விரலைக் கேளுங்கள். சுட்டுவிரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுள் விடுங்கள். விரலில் ஈரம் தெரிந்து மண் ஒட்டி வந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்து உதிர்ந்தால் ஊற்றலாம். மேல்மண்ணின் நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே காய்ந்து கீழே சேறாக இருக்கும் சாடிகள் நிறைய உண்டு.

இரண்டாவதாகக் கையைக் கேளுங்கள். நன்றாக ஊற்றி வடிந்த பின் சாடியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். காய்ந்த பின்னும் தூக்கிப் பாருங்கள். இரண்டு பாரமும் கைக்குப் பழகிவிட்டால் பிறகு விரலும் தேவையில்லை. பிள்ளைகள் இதை எம்மைவிட விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

மூன்றாவதாகக் காலையில் இலையைப் பாருங்கள். கத்தரி, பூசணி போன்ற அகன்ற இலைகள் நண்பகலில் தொங்குவது இயல்பு. மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. விடியற்காலையிலும் தொங்கினால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் அது தாகம். ஈரமாக இருந்தால் அது நோய். அப்போது தண்ணீரை நிறுத்துங்கள்.

ஊற்றும் முறை

சாடியின் அடியில் துளை இருக்க வேண்டும். துளையில்லாத பேணியில் எந்த முறையும் பலிக்காது. ஆணியால் நாலைந்து துளையிட்டு, மண் ஓடாமல் ஓர் ஓட்டுத் துண்டை மேலே வைத்தால் போதும். அடியில் கல் நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். நாமும் நம்பினோம். ஆனால் நுண்ணிய மண்ணிலிருந்து பருங்கல்லுக்கு நீர் இலேசில் இறங்குவதில்லை, மண்ணின் அடிப்பகுதியிலேயே தேங்குகிறது. கல் நிரம்பிய அளவுக்கு அந்தச் சேறு வேருக்குக் கிட்ட உயர்ந்துவிடும். ஆகவே அந்த இடத்தையும் மண்ணுக்கே கொடுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் மட்டும் மேலே வெறுமையாக விடுங்கள். ஊற்றும் தண்ணீர் நின்று இறங்க அந்த இடம் வேண்டும்.

காலை நேரமே நல்லது. இலையில் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். இரவு முழுவதும் ஈரமாயிருக்கும் இலையில் நோய் இலகுவில் தொற்றும்.

இரண்டு தடவையாக ஊற்றுங்கள். முதலில் மேல்மண் நனையும் அளவுக்குக் கொஞ்சம். சிறிது நேரம் விட்டு மீதியை ஊற்றுங்கள். காய்ந்த மண் உடனே நீரை ஏற்காது. ஒரே மூச்சில் ஊற்றினால் மண்ணுக்கும் சாடிக்கும் இடையிலுள்ள வெடிப்பால் எல்லாம் ஓடிப்போகும். கீழே தண்ணீர் வந்துவிட்டது என்று நாம் நினைப்போம், வேரோ நனைந்திருக்காது.

அடித்துளையால் சில துளிகள் வரும்போது நிறுத்துங்கள். எத்தனை ரம்ளர் பிடித்தது என்று முதல் நாளில் எண்ணிக்கொள்ளுங்கள். அதுவே அந்தச் சாடியின் அளவு. நாள்தோறும் அரை ரம்ளர் தெளிப்பதைவிட, காய்ந்த பின் முழு அளவு ஊற்றுவதே நல்லது. சொட்டுச் சொட்டாகத் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே படரும், ஒரு நாள் கச்சானுக்கே செடி கருகிவிடும்.

பூவாளி வாங்கப் பணம் தேவையில்லை. பேணியின் அடியில் சிறு ஆணியால் துளைகள் போட்டால் அதுவே பூவாளி. சிறு கன்றுகளுக்கு, கண்ணில் துளையிட்ட சிரட்டை போதும்.

முற்றாகக் காய்ந்துபோன சாடி

தும்புத்தூளும் எருவும் கலந்த மண் ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் மேலிருந்து ஊற்றும் நீரை ஏற்க மறுக்கும். அப்போது ஒரு தாச்சியில் நீர் விட்டு, சாடியின் அடிப்பகுதி அதில் அமிழும்படி வையுங்கள். அரை மணி நேரமளவில் நீர் கீழிருந்து ஏறி மேல்மண் கறுக்கும். பின்பு எடுத்து வடியவிடுங்கள். மீதி நீரில் அடுத்த சாடியை வைக்கலாம். ஆனால் வாடல் நோய் கண்ட கத்தரி, தக்காளி, மிளகாய் நின்ற நீரை வேறு செடிக்குக் கொடுக்காதீர்கள். நோய் நீரோடு போகும்.

முட்டி புதைக்கும் முறை

வீட்டில் எவரும் இல்லாமல் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இது உதவும். ஒரு சிறிய மண்முட்டியைப் பெரிய உரப்பையின் நடுவே கழுத்து மட்டும் தெரியப் புதையுங்கள். சுற்றிலும் மூன்று நாலு கன்றுகளை நடுங்கள். முட்டியில் தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். மண் காயக் காய முட்டியின் சுவர் வழியே நீர் கசியும். மண் ஈரமானால் கசிவு தானாகக் குறையும். இது இன்று நேற்று வந்த முறையல்ல. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சீனாவில் ஃபான் ஷெங்சி என்பவர் எழுதிய வேளாண்மை நூலிலேயே வத்தகப்பழச் சாதிக் கொடிகளுக்கு மட்பானை புதைக்கும் முறை சொல்லப்பட்டுள்ளது. வர்ணம் பூசிய முட்டியும் மினுக்குப் பூசிய சாடியும் கசியாது. சாதாரண சுட்ட முட்டியே வேண்டும்.

ஒரு குடத்தைப் பங்கிடுதல்

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது. பவுசர் வரும் இடத்தில் வரிசையில் நின்று குடத்தை இடுப்பில் சுமந்து வருபவர்கள் பெரும்பாலும் அம்மாமாரும் பெண்பிள்ளைகளும்தான். குடிக்கும் நீரைச் செடிக்கு ஊற்றும்படி நாம் சொல்லவில்லை. அரிசி, மரக்கறி கழுவிய நீர் நல்லது. அதை அன்றன்றே ஊற்றிவிடுங்கள், வைத்தால் நாறும். உப்புப் போட்ட நீர் வேண்டாம். உடுப்பு அலசிய கடைசி நீரை அவசரத்துக்கு ஊற்றலாம், ஆனால் கீரைக்கும் பச்சையாக உண்ணும் செடிக்கும் வேண்டாம். மண்ணின் மேல் வைக்கோல், தும்பு அல்லது காய்ந்த இலையை இரண்டு விரல் தடிப்பில் மூடிவிட்டால் ஊற்றிய நீர் அதிக நாள் நிற்கும்.

எல்லாச் செடிக்கும் ஒரே தாகம் இல்லை. வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரத்தை விரும்பும். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு மேல்மண் காய்ந்ததும் ஊற்ற வேண்டும். பூக்கும் காலத்தில் இவற்றை வாடவிட்டால் பூ உதிரும். கற்பூரவள்ளி, பிரண்டை, கற்றாளை மூன்றும் பொறுமைசாலிகள். நன்றாகக் காய்ந்த பின்னரே கொடுங்கள். தண்ணீர் குறைந்த நாளில் எதை முதலில் காப்பது என்று இதைக்கொண்டு தீர்மானிக்கலாம்.

கடலோரக் கிணற்று நீர் உவராக இருந்தால் சாடியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் படை தோன்றும், இலையின் நுனி கருகும். மழை வந்ததும் கூரை நீரைப் பிடித்து, சாடியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். உப்பு கழுவப்பட்டுப் போகும்.

தட்டில் நீர் நிற்க விடாதீர்கள்

சாடியின் கீழ் வைக்கும் தட்டில் நீர் நின்றால் செடிக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவு செய்யப்பட்டார்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் எமது மாவட்டத்தின் கிண்ணியா கடுமையாகப் பாதிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். டெங்கு நுளம்பு தெளிந்து நிற்கும் சிறு நீரிலேயே முட்டையிடும். ஏறத்தாழ ஒரு கிழமையில் முட்டை நுளம்பாகிவிடும். முட்டை காய்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை தும்பால் உரஞ்சிக் கழுவுங்கள். தட்டில் மணல் நிரப்பி வைப்பதும் நல்லது. புதைத்த முட்டியின் வாயை எப்போதும் இறுக மூடியே வையுங்கள்.

திரும்பும் நாளுக்காக

சம்பூருக்கு மக்கள் திரும்பியபோது பல வளவுகள் வீடிருந்த இடம் தெரியாமல் பற்றை மண்டிக் கிடந்தன. காடு வெட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், கொட்டில் போட வேண்டும். அந்த நேரத்தில் விதைக்கும் கன்றுக்கும் எங்கே ஓடுவது? ஒரு சாடியில் முற்றவிட்டுக் காயவைத்த மிளகாய் விதையும், ஒரு பையில் காத்த கறிவேப்பிலைக் கன்றும், ஒரு தண்டு கற்பூரவள்ளியும் அன்று பெரிய முதல்.

நாளைக் காலை எழுந்ததும் தண்ணீர்ப் பேணியைத் தூக்குமுன் ஒவ்வொரு சாடியிலும் விரலை விட்டுப் பாருங்கள். எந்தச் சாடி கேட்கிறது, எந்தச் சாடி வேண்டாம் என்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுங்கள். வரம்பில் நடந்து மண்ணை மிதித்துப் பார்த்த அந்த அறிவு இன்று ஒரு விரல்நுனியில் இருக்கட்டும். காணி திரும்பக் கிடைக்கும் நாளில் அது மறுபடி காலுக்கு இறங்கும்.