முந்திரிகைத் தோட்டத்தில் சேதன முறை: மூன்று ஆண்டுப் பொறுமை

யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தவர்களுக்கு மருந்தடிப்பு எவ்வளவு பெரிய பாடு என்பது தெரியும். மழைக்குணம் கண்டதும் இலையின் அடியில் வெண்பூஞ்சணம் படரும். உடனே தெளிகருவியைத் தோளில் கொழுவ வேண்டும். வைன் செய்வதற்காக முந்திரிகை வளர்க்கும் ஐரோப்பிய விவசாயிக்கும் இதே பாடுதான். பிரான்சின் விவசாய நிலத்தில் முந்திரிகை ஏறக்குறைய 3 வீதமே. ஆயினும் அந்நாட்டின் பீடைநாசினிகளில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு அதற்கே செல்வதாக மதிப்பிடப்பட்டது.

இப்படிப்பட்ட பயிரிலேதான் சேதன விவசாயம் வேகமாகப் பரவியது. 2005 முதல் 2019 வரை உலகின் சேதன முந்திரிகை நிலம் ஆண்டுக்குச் சராசரி 13 வீதம் பெருகி, 454,000 ஹெக்டேயரை எட்டியது. இது அப்போதைய மொத்த முந்திரிகை நிலத்தில் 6.2 வீதமாக இருந்தது. இதில் முக்காற் பங்கு ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி ஆகிய மூன்று நாடுகளில் இருந்தது.

ஏன் மாறினார்கள்?

முதற் காரணம் உடல்நலம். நஞ்சை முதலில் சுவாசிப்பவர் வைன் குடிப்பவரல்லர், மருந்து தெளிப்பவரே. பீடைநாசினியோடு வேலைசெய்த விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சன் நடுக்க நோயை, 2012ஆம் ஆண்டில் பிரான்ஸ் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது மண். களைநாசினியால் வெறுமையான சரிவுகளில் மழை மேல்மண்ணை அள்ளிச் செல்லும். நிரைகளுக்கிடையே புல்லையும் அவரையினப் பயிர்களையும் வளரவிட்டால் மண் தங்குகிறது.

மூன்றாவது சந்தை. சேதன விளைபொருளுக்கான ஐரோப்பியச் சட்டம் 1991இல் வந்தது. 2012இல் வைன் தயாரிப்புக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, போத்தலில் ‘சேதன வைன்’ என்றே எழுத இடங்கிடைத்தது. சான்றிதழ் பெற்ற போத்தலுக்குப் பொதுவாகக் கூடிய விலை கிடைத்தது.

மருந்தே இல்லையா?

அப்படியல்ல. செயற்கை இரசாயனங்களுக்கே தடை. கந்தகமும் செம்பும் அனுமதிக்கப்படுகின்றன. நாமறிந்த போர்டோ கலவை அங்கே பிறந்ததுதான். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க, வீதியோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அக்கொடிகள் நோய்க்குத் தப்பியதைக் கண்ட தாவரவியலாளர் மில்லார்தே, 1885இல் அம்முறையை வெளியிட்டார். ஆனால் செம்பு மண்ணில் தேங்கி மண்புழுவைப் பாதிக்கும். ஆகவே 2019 முதல் ஐரோப்பாவில் ஹெக்டேயருக்கு ஏழாண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் இட முடியாது.

மழை கழுவிச் சென்றால் மீண்டும் தெளிக்க வேண்டும். களையை உழுது அடக்க வேண்டும். வேலை கூடும், நட்டமும் வரும். 2023இல் போர்டோவில் பூஞ்சண நோய் கடுமையாகத் தாக்கியது. அண்மைக் காலத்தில் பிரான்சில் வைன் அருந்துவது குறைந்துவருவதால் விற்பனையும் முன்போல் எளிதல்ல.

நமக்குரிய பாடம்

சேதன முறைக்கு மாறும் முந்திரிகைத் தோட்டம் சான்றிதழ் பெற மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அக்காலத்தில் விளைச்சல் குறையலாம். விலையோ பழைய விலைதான். ஐரோப்பிய விவசாயியை அரச உதவிப் பணமும் கூட்டுறவுச் சங்கங்களும் தாங்கிப் பிடித்தன. நமது நாட்டில் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அங்கே மூன்று ஆண்டுகள் தந்த மாற்றத்தை இங்கே ஒரே போகத்தில் கேட்டார்கள். பிழை சேதனப் பசளையிலல்ல, அவசரத்தில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடி நட்டவர் பல்லாண்டு அதே மண்ணில் நிற்பார் என்ற உறுதியிலேதான் இந்தப் பொறுமை பிறக்கிறது. நாளை யார் கையில் இருக்குமோ என்ற நிலத்தில் மூன்று ஆண்டுப் பொறுமையை எவரிடமும் கேட்க முடியாது. ஆகவே காணி உறுதியைத் தேடிப் பத்திரப்படுத்துவதும் சேதன விவசாயத்தின் முதல் வேலைகளில் ஒன்றே. அதுவரை இரவல் காணியிலும் ஒரு கூட்டெருக் குழி வெட்டலாம். இரண்டு பாத்தியில் மட்டும் பழகிப் பார்க்கலாம். குழியை விட்டுப் போக நேரிடலாம். கைப்பழக்கம் நம்மோடு வரும்.