கோழியின் கண்ணில் ஒரு சொட்டு

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் கோழியைப் பற்றி எழுத என்ன வேலை என்று கேட்காதீர்கள், நண்பர்களே! என் செமஸ்டர் ஃபீஸைக் கட்டியதே அம்மா வளர்த்த நாட்டுக்கோழிகள்தான். போன கோடையில் 23 கோழிகளில் 4 தான் மிஞ்சின. தப்பு என்னுடையது.

நோயின் பெயர் ராணிக்கெட். நம்ம ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்போம். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்ட நோய், அதையடுத்து நம் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டிலும் தெரியவர, இங்கே அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. வைரஸ் மூச்சுவழியே நுழையும். கொர் கொர்ரென்று இழுப்பு, கழிச்சல், கடைசியில் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்தபின் மருந்து கிடையாது.

நான் லசோட்டா தடுப்பு மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் பத்திரமாகக் கொண்டுவந்தேன். கொண்டுவந்து என்ன பயன்? பிளீச்சிங் பவுடர் வாசனை தூக்கலாக இருந்த குழாய்த் தண்ணீரில் கலந்து வைத்தேன். லசோட்டா என்பது வீரியம் குறைந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். குளோரின் அதைக் கொன்றுவிடும். "ஏம்ப்பா, கிணத்துத் தண்ணியில கொஞ்சம் பால்பவுடர் போட்டுக் கலக்கக் கூடாதா?" என்றார் கால்நடை டாக்டர். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மிஞ்சிய கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்ததும் உடனே மருந்து போடப் போனேன். "ஏழு நாள் பொறு" என்றார். தாயின் எதிர்ப்புப் பொருள் மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்கு வந்திருக்கும். அது மிகுதியாக இருக்கும்போது மருந்து வைரஸையும் பகை என்று நினைத்து அடித்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அது கரைந்துவிடுவதால்தான் நாலாம் வாரம் மறுபடி மருந்து, எட்டு வாரத்துக்குமேல் ஊசி.

சரி, ஏன் கண்ணில்? கோழிக்குக் கண்ணுக்குப் பின்னால் ஹார்டர் சுரப்பி இருக்கிறது. அங்கே உண்டாகும் எதிர்ப்புப் பொருள் கண்ணீரில் கலக்கும். கண்ணீர் மூக்குக்குள் வடியும். அதாவது ஹாஸ்டல் கேட்டிலேயே வாட்ச்மேன்! இரத்தத்தில் ஓடுகிற எதிர்ப்புப் பொருள் உள்ளே ரவுண்ட்ஸ் வரும் வார்டன் மாதிரி. கோழி சாகாமல் காக்கும். ஆனால் மூச்சுக்குழலில் வைரஸ் பெருகுவதை முழுக்கத் தடுக்காது. அதனால் மருந்து போட்ட கோழியும், பார்க்க ஜோராக இருந்துகொண்டே, பக்கத்துக் கோழிக்கு நோயைப் பரப்பலாம். இது எனக்குப் புதுச் செய்தி.

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். கோழியின் ஆசனவாய்க்கு மேலே பர்சா என்று ஒரு சின்னப் பை உண்டு. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் அதை அறுத்தெடுத்த கோழிகளை வைத்திருந்தார். சக மாணவர் சாங், வகுப்புச் செய்முறைக்காக அவற்றை வாங்கிக் கிருமியை ஏற்றினார். பெரும்பாலானவற்றில் எதிர்ப்புப் பொருளே உண்டாகவில்லை! 'சயன்ஸ்' இதழ் வேண்டாமென்றது. 1956-இல் ஒரு கோழியியல் இதழில்தான் வெளிவந்தது. நம் உடம்பிலும் எதிர்ப்புப் பொருள் செய்கிற பி செல்லுக்கு அந்த 'பி' பர்சாவிலிருந்து வந்ததுதான். நம்ம லேபில் ஒருவன் செட்டப்பை இன்னொருவன் தொட்டால் அடிதடிதான் நடக்கும்.

ஏழாம் நாள் அம்மா குஞ்சைச் சாய்த்துப் பிடிக்க, நான் சொட்டு விட்டேன். கண் மூடித் திறந்து மருந்து உள்ளே போகும்வரை விடக்கூடாது. குப்பியை உடைத்துக் கலக்கிவிட்டால் மிச்சம் வைக்க முடியாது, அதனால் தெருவிலிருந்த குஞ்சுகள் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டன. நாலாம் வார மருந்து வருகிற ஞாயிறு. அன்றைக்கு என்னைக் கிரிக்கெட்டுக்குக் கூப்பிடாதீர்கள்.