சாப்பாட்டு வரிசையில் சோப்பு

 கழிப்பறைக்குள் போனவர் வெளியே வந்த பிறகு அவர் கை என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயிலால் வெளியூர்களிலும் தெரிந்த பெயர். இந்தப் பக்கத்தில் கை நனைக்காமல் சோற்றில் கை வைப்பவரைக் காண்பது அரிது. சோப்பு இல்லாத வீடும் அரிதுதான். ஆனால் சோப்பு இருப்பது குளிக்கும் இடத்தில், துணி துவைக்கும் கல்லில். தட்டு இருப்பது வேறு இடத்தில். இந்த இடைவெளி ஏலாக்குறிச்சிக்கு மட்டும் உரியதல்ல. 2018-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, மலம் கழித்தபின் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம் என்று சொன்ன குடும்பங்கள் 100-க்கு 74. சாப்பிடும் முன் என்றால் 36தான். மற்ற குடும்பங்களில் பெரும்பாலும் வெறும் தண்ணீர்.

தண்ணீர் போதாதா என்றால், போதாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையோடு கிருமி ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். சோப்பு அந்தப் பசையைப் பிரித்து எடுக்கிறது. கராச்சியின் குடிசைப் பகுதிகளில் வீட்டுக்கு வீடு சோப்புக் கொடுத்து, வாராவாரம் போய்ச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்திருந்தது. வயிற்றுப்போக்கும் அதே அளவுக்கு. கிருமிநாசினி கலந்த சோப்பும் சாதாரண சோப்பும் ஒரே பலனைத்தான் தந்தன. விலை கூடிய கட்டியைத் தேடி யாரும் ஓட வேண்டியதில்லை.

பலன் இவ்வளவு தெளிவாக இருந்தும் இதை நாடு முழுக்கக் கொண்டு போகும் முயற்சிகள் தடுமாறியே வந்திருக்கின்றன. 2002-ல் உலக வங்கியும் சோப்புக் கம்பெனிகளும் கைகோத்துக் கேரளத்தில் தொடங்கப் பார்த்தபோது, எங்களுக்குச் சுத்தம் சொல்லித்தர இவர்கள் யார் என்று எதிர்ப்புக் கிளம்பித் திட்டம் நின்றுபோனது. 2008 முதல் அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள். 2014-ல் அதே நாளில் மத்தியப் பிரதேசத்தில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒன்றாகக் கை கழுவி கின்னஸில் இடம் பிடித்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அக்டோபர் 16 அன்று அந்தப் பள்ளிகளில் சோப்பு இருந்ததா என்பதல்லவா கேள்வி? பெரு நாட்டில் பெரிய அளவில் நடந்த பிரசாரமும் ஒரு பாடம். வெறும் ஊடக விளம்பரம் மக்களிடம் போய்ச் சேரவே இல்லை. ஊருக்குள்ளும் பள்ளிக்குள்ளும் இறங்கி வேலை செய்த இடங்களில் மட்டும் பழக்கம் சற்று மாறியது.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு முயற்சி இதற்கு நல்ல விடை தருகிறது. வேலூரைத் தாண்டினால் சித்தூர் மாவட்டம். 2011-ல் அங்கே 14 கிராமங்களில் 'சூப்பர் அம்மா' என்ற பிரசாரத்தைச் சோதித்தார்கள். லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் வேல் கர்ட்டிஸ் முன்னின்ற குழு அது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்திருந்தது. வீடுகளில் உட்கார்ந்து கவனித்தபோது, சோப்புப் போட வேண்டிய 100 தருணங்களில் ஒன்றிரண்டில்தான் போட்டார்கள். மேலே சொன்ன தேசியக் கணக்கு வாய் சொன்னது, இது கண் பார்த்தது. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

அந்தக் குழு நோயைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. அழுக்குக் கையால் லட்டு பிடிக்கிற ஒருவனை நாடகத்தில் காட்டி ஊரையே முகம் சுளிக்க வைத்தார்கள். பிள்ளையை நல்ல பழக்கத்தோடு வளர்க்கிற ஒரு தாயைப் படத்தில் காட்டினார்கள். ஊர் முன்னிலையில் பெண்கள் உறுதி எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அந்த 14-ல் பிரசாரம் நடந்த ஊர்களில் சோப்புப் போட்டது 37 சதவீதத் தருணங்களில், நடக்காத ஊர்களில் 6. பிறகு அந்த மீதி ஊர்களுக்கும் அதையே சுருக்கி நடத்தினார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் 29. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி எண். சுருக்கியும் பலித்திருக்கிறது என்றால், 14 ஊருக்கு மேலும் இதைக் கொண்டு போகலாம். ஆனால் 37 என்பது 29 ஆகச் சரிந்ததும் அதே எண்ணில்தான் தெரிகிறது. வந்து போகிற குழுவால் ஒரு பழக்கத்தைத் தொடங்கி வைக்க முடியும். தினமும் கூட இருக்க முடியாது.

பயமும் அப்படித்தான். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து தொழிலாளர்கள் திரும்பியபோது அரியலூர் மாவட்டத்தில் கொரோனாத் தொற்று மளமளவென்று ஏறியது. அன்று கடை வாசலிலெல்லாம் வாளியும் சோப்பும் வைத்தார்கள். பயம் போனது, வாளியும் போனது.

அப்படியானால் தினமும் கூட இருப்பது யார்? என் பதில், பள்ளியில் சமைக்கிற அக்கா. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. மதியம் சத்துணவு இருக்கவே இருக்கிறது. ஏலாக்குறிச்சியில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்கிற பிள்ளை, ஐந்து வருடம், பள்ளி நாளெல்லாம் இரண்டு தடவை தட்டோடு வரிசையில் நிற்கிறது. கிராமங்களில் காலை உணவு சமைப்பது மகளிர் குழுப் பெண்கள். அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். சித்தூரில் படத்தில் காட்டிய அம்மா இங்கே அடுப்படியிலேயே இருக்கிறார்.

கட்டி சோப்பு பள்ளியில் தங்காது என்பார்கள். உண்மைதான், கரையும், காணாமல் போகும். வங்கதேசத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சோப்புத்தூளைக் கரைத்து, மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்துவிடுவது. பிழிந்தால் கைக்கு வேண்டியது வரும். யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள்.

காலை உணவுக்கு வாங்கும் சாமான் பட்டியலில் ரவை, சேமியா, எண்ணெய்க்குக் கீழே சோப்புத்தூள் என்று ஒரு வரி சேர வேண்டும். பாட்டில் குறைந்தால் கலக்கி ஊற்றுவது சமைக்கிற அக்காவின் வேலை; அதற்கும் சேர்த்து அவருக்குச் சம்பளத்தைக் கூட்டித் தர வேண்டும். குழாயையும் பாட்டிலையும் தாண்டித்தான் வரிசை உப்புமா அண்டாவுக்கு வர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது ஆசிரியர் பொறுப்பு.