கெக் லோக் சி பாறை எழுத்துகள்

மலைப்பாறையைப் பெயர்த்தெடுக்காமல் அது நின்ற இடத்திலேயே எழுத்துப் பொறிக்கும் முறையைச் சீனர் ‘மோயா’ என்பர். 6ஆம் நூற்றாண்டில் தைஷான் மலையின் ஓடைப் பள்ளத்தாக்கில் செதுக்கப்பட்ட வைர சூத்திரம் என்னும் பௌத்த நூலில், ஏறத்தாழ 50 செ.மீ. அளவுள்ள எழுத்துகள் ஆயிரத்துக்கு மேல் இன்றும் எஞ்சியுள்ளன. அம்மரபு கடல் கடந்ததற்குப் பினாங்கு ஆயர் ஈத்தாமிலுள்ள கெக் லோக் சி கோயிலின் பாறைகள் சான்று.

சீனாவில் 1898ஆம் ஆண்டின் சீர்திருத்த முயற்சி நூறு நாளில் முறியடிக்கப்பட்டபின் நாடு கடந்து வாழ்ந்த காங் யூவெய், 1903இல் எழுதித் தந்த ‘தாயகத்தை மறவாதே’ எனப் பொருள்படும் நான்கெழுத்துத் தொடர் அப்பாறை எழுத்துகளுள் பெயர்பெற்றது. தாள்வழி வந்த நளின எழுத்தைவிடப் பழங்கல்வெட்டுகளின் முரட்டு எழுத்தே உயர்ந்தது என நூலெழுதி வாதிட்டவரின் கையெழுத்து கல்லில் நிலைத்தது பொருத்தமே. தூரிகையால் எழுதியதைக் கல்லில் படியெடுத்து, கோட்டின் தடிப்பும் மெலிவும் கெடாமல் உளியால் குழித்து, பள்ளத்தில் வண்ணம் தீட்டுவது வழக்கம். எழுதியவர் பெயர் நிற்க, செதுக்கிய கல்தச்சர் பெயர் பெரும்பாலும் மறைந்துவிடும். எழுத்து நிலைப்பது கல்லின் தன்மையையும் பொறுத்தது. செந்தூலுக்கு வடக்கேயுள்ள பத்துமலையின் சுண்ணாம்புப் பாறை மழைநீரில் மெல்லக் கரையும் இயல்புடையது. பினாங்குக் குன்றின் கருங்கல்லோ அவ்வளவு எளிதில் தேய்வதில்லை.