குக்கீ எப்படி இயங்குகிறது? ஒரு வக்கீல் அலுவலகத்தின் சமையற்கட்டு

ஒரு மெஸ்ஸின் சமையற்கட்டு. அங்கிருக்கும் மாஸ்டருக்கு முகமே நினைவில் நிற்காது. இட்லி வாங்கியவரே மறுபடி வந்து சாம்பார் கேட்டாலும் அவருக்குப் புது ஆள்தான். இணையதளத்தின் சர்வரும் இப்படித்தான்: ஒவ்வொரு பக்கத்தையும் யாரோ முதல்முறை கேட்பதாகவே எடுத்துக்கொள்ளும். 1994இல் நெட்ஸ்கேப்பில் வேலைபார்த்த லூ மொன்டுல்லி இதற்கு வழி கண்டார். முதல் தட்டோடு மாஸ்டர் ஒரு டோக்கனையும் அனுப்புகிறார். அடுத்தமுறை வாடிக்கையாளர் அதைக் காட்டுகிறார். மாஸ்டர் நோட்டைப் புரட்டி ஆளைத் தெரிந்துகொள்கிறார். அந்த டோக்கன்தான் குக்கீ. அது உங்கள் பிரவுசரிடம் இருக்கும். கொடுத்தவரிடம் மட்டுமே திரும்பக் காட்டப்படும்.

லாகின் நிலைத்திருக்க இது வேண்டும். தொல்லை எங்கே என்றால், ஊரின் எல்லா மெஸ்ஸுக்கும் பால் ஊற்றுகிறவர் இந்தச் சமையற்கட்டுக்குள்ளும் நின்று, சாப்பிட வருகிறவர் கையில் தன் டோக்கனையும் திணிக்கும்போது. அடுத்த மெஸ்ஸிலும் அவரே நிற்கிறார். யார் எங்கே என்ன சாப்பிட்டார் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வெளியாள் டோக்கனை சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் கட்டுப்படுத்துகின்றன. நிறுத்தப்போவதாக 2020இல் அறிவித்த குரோம் பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

இப்போது அந்த மெஸ் ஒரு வக்கீல் அலுவலகத்தின் தளம் என்று வையுங்கள். வடிவமைத்தவர் யூடியூப் வீடியோவையும் ஃபேஸ்புக் பிக்சல் என்ற கண்காணிப்பு நிரலையும் சேர்த்திருக்கிறார். ஒரு பெண் இரவில் ‘விவாகரத்து’ பக்கத்தைத் திறக்கிறார். வக்கீலிடம் அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை; ஆனால் அந்தப் பக்கத்தின் முகவரி விளம்பர நிறுவனத்துக்குப் போய்விட்டது. கட்சிக்காரரின் ரகசியம் காப்பதையே தொழிலின் அடிப்படையாகக் கொண்டவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குக்கீ என்ற பெயர் கிடையாது. ஆனால் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும் அதன் வரம்புக்குள் வரும். ஒப்புதல் கேட்கும் இடத்தில் அது அழுத்தமின்றி, இன்னதற்கு என்று தெரிந்து, தெளிவான செயலால் தரப்பட வேண்டும். கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும், தமிழ் உட்பட, படிக்க வழி செய்ய வேண்டும். ஐரோப்பா இந்தப் பாதையில் முன்பே நடந்துவிட்டது. முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஏற்க ஒரே கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்ததற்காக பிரான்சின் கண்காணிப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது.

பல தளங்கள் ‘சம்மதமா?’ என்று கேட்கும் பட்டையை மட்டும் ஒட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகின்றன. கேள்வி திரையில் வரும்போதே பால்காரர் உள்ளே வந்திருப்பார். பதில் வரும்வரை அவருடைய நிரல் ஓடவே கூடாது. சோதிப்பது சுலபம்: கணினியில் தனிப்பட்ட சாளரம் ஒன்றில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து, தளத்துக்குள் போய், பட்டையைத் தொடாமல், அது எந்தெந்த முகவரிகளைத் தொடர்புகொள்கிறது என்று பாருங்கள். அங்கே விளம்பர நிறுவனங்களின் பெயர் தெரிந்தால் பட்டை வெறும் அலங்காரம்.

வக்கீலின் தளத்தில் வீடியோவுக்குப் பதில் ஒரு படம் வைத்து, தொட்டால் மட்டும் ஓடச் செய்யலாம். கூகுள் வரைபடத்துக்கு இணைப்பு போதும். பிக்சலை எடுத்தேவிடலாம்: இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி வக்கீல்கள் விளம்பரம் செய்வதையே தடுக்கிறது, அனுமதிக்கப்பட்ட தளத்தில் பெயர், முகவரி, தகுதி, தொழில் துறை போன்ற விவரங்கள்தான் இருக்கலாம். அவற்றைக் காட்ட யாரையும் பின்தொடர வேண்டியதில்லை.